கனவுக்குக் கணக்கெழுதுபவர்

டப்ளின் நகரின் கிராஃப்டன் தெருவில் பியூலீஸ் என்றொரு பழைய காபிக் கடை இருக்கிறது. சுற்றிலும் மேசைகள் காலியாகக் கிடக்க, வண்ணக் கண்ணாடிச் சன்னலுக்கு அடியில் இருக்கும் ஒரு மேசைக்காக மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் காத்து நின்றால், தயவுசெய்து அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். காபி ஆறிவிடும். உங்களுடையதும் அவருடையதும்.

இவர் அயர்லாந்துப் பாடகர்களின் ரசிகர்; பழைய கதைப்புத்தகச் சித்திரங்களின் ரசிகரும்கூட. இவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வியாதிதான். பனிமூட்டம், நிலா வெளிச்சம், ஆளரவமில்லாத ஏரி, எங்கோ வெறித்துப் பார்க்கும் ஒரு பெண் ஆகிய நான்கில் மூன்று அமைந்துவிட்டால் போதும், பர்ஸைத் திறந்துவிடுவார். கைக்கு வருவது இசைத்தட்டா, நூறு வருஷத்துக்கு முந்தைய புத்தகமா என்பதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வார்.

ஆள் கனவில் மிதக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். கனவுலகத்தில் இவர் பார்ப்பது கணக்குப்பிள்ளை உத்தியோகம். எட்கர் ஆலன் போவின் கதைகளுக்கு ஹாரி கிளார்க் வரைந்த படங்களை யாராவது வாய் தவறிப் புகழ்ந்துவிட்டால், "1919ஆ, 1923ஆ?" என்று கேட்பார். முதலில் வந்த பதிப்பில் எல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணப் பக்கங்கள் 1923இல்தான் சேர்ந்தன. இது தெரியாமல் விழிப்பவருக்கு இவர் பேரேட்டில் அதோடு பக்கம் மூடப்படும்.

கிளார்க் விஷயத்தில் இவருக்கு மண்ணின் பெருமையும் உண்டு. கிளார்க் 1889இல் டப்ளினில் பிறந்தவர். தேவாலயக் கண்ணாடிச் சன்னல் செய்யும் குடும்பம். ஆண்டர்சன் கதைகளுக்கு அவர் வரைந்த மனிதர்கள் எல்லாரும் பல மாதம் சாப்பிடாதவர்களைப் போலவும், ஆனால் உடுப்புக்கு மட்டும் ஏராளமாகச் செலவழித்தவர்களைப் போலவும் இருப்பார்கள். காசநோய் அவரை 41 வயதில் கொண்டுபோனது. பியூலீஸ் சன்னல்கள் அவருடைய கடைசிக் காலத்து வேலை. அதே காலத்தில், ஜெனீவாவுக்குப் பரிசாக அனுப்ப ஐரிஷ் அரசாங்கம் அவரிடம் ஒரு சன்னல் கேட்டது. ஐரிஷ் எழுத்தாளர்களின் கதைக் காட்சிகளை வைத்து அவரும் செய்து முடித்தார். பார்த்ததும் அரசாங்கத்துக்கு வியர்த்துவிட்டது. அதில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் மேல் துணி போதவில்லை. சன்னல் ஜெனீவா போகவே இல்லை. இன்று அது அமெரிக்காவில், மயாமி பீச் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. "மயாமி பீச்சில்! அங்கே துணி போதவில்லை என்று யார் சொல்லப்போகிறார்கள்?" என்று தானே கேட்டுத் தானே சிரிப்பார். இந்த இடத்தில் நாமும் சிரித்துவைப்பது நல்லது. இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

பாட்டில் இவருடைய குலதெய்வம் என்யா. 1961இல் டோனகல் பகுதியில் கீடோரில் பிறந்தவர். அக்கா, அண்ணன்மார், இரட்டையரான தாய்மாமன்கள் எல்லாரும் சேர்ந்து நடத்திய கிளானட் குழுவில் 1980இல் சேர்ந்து, இரண்டே வருஷத்தில் விலகி, நிக்கி ரயன், ரோமா ரயன் தம்பதியோடு தனிக்குடித்தனம் போனவர். விற்ற ஆல்பங்கள் சுமார் 8 கோடி என்கிறார்கள். கச்சேரிச் சுற்றுப்பயணம் என்று தனியாக ஒரு தடவைகூடக் கிளம்பியதில்லை. இதனால் ரசிகர்களுக்குக் கிடைத்திருக்கும் சமத்துவம் வேறெங்கும் கிடைக்காதது. மற்றக் கூட்டங்களில் "நீங்கள் எந்தக் கச்சேரி பார்த்தீர்கள்?" என்று ஒருவரை ஒருவர் மடக்கலாம். இங்கே யாருமே பார்த்ததில்லை.

ஆகவே போட்டி மதில் சுவருக்கு மாறிவிட்டது. டப்ளினுக்குத் தெற்கே கிலைனியில் என்யா 1997இல் ஒரு கோட்டை வாங்கி, 'ரெபெக்கா' நாவலில் வரும் மேண்டர்லி மாளிகையின் பெயரை அதற்கு வைத்தார். நம்மவர் அதன் வெளிவாசலை எல்லாப் பருவத்திலும் படமெடுத்து வைத்திருக்கிறார். படங்களில் கதவு இருக்கிறது, மதில் இருக்கிறது, மழை இருக்கிறது. வடக்கே மீனலெக் கிராமத்தில் என்யாவின் தந்தை லியோ தொடங்கிய மதுக்கடைக்கும் போய்வந்திருக்கிறார். அங்கே உள்ளேயே போகலாம் என்பதால் அந்தப் பயணத்தைக் கொஞ்சம் குறைவாகவே மதிக்கிறார்.

விருந்தாளி யாராவது என்யாவைக் கேட்டுவிட்டு, "அடடா, கோஷ்டி கானம் எவ்வளவு அழகு!" என்று சொல்ல வேண்டும் என்று இவர் தவம் கிடப்பார். சொன்னதும் பாட்டை நிறுத்திவிடுவார். "கோஷ்டியா? ஒரே ஆள்!" நிக்கி ரயன் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதே குரலைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து, நூற்றுக்கணக்கான அடுக்காக ஏற்றிய கதை அப்போது வெளியே வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மேக்ஸ்ஃபீல்ட் பாரிஷ் வருவார்.

பாரிஷ் அமெரிக்கர், 1870இலிருந்து 1966 வரை வாழ்ந்தவர். அவர் வானத்து நீலத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. வெள்ளைப் பரப்பில் ஒரு வண்ணத்தை மெல்லப் பூசி, காயவைத்து, மேலே வார்னிஷ் அடித்து, அதன்மேல் அடுத்த வண்ணம், மறுபடி வார்னிஷ். "அங்கே குரல் அடுக்கு, இங்கே நிற அடுக்கு, புரிகிறதா?" என்று நம்மவர் நெருங்கி வந்து கேட்பார். புரிகிறது, உண்மையாகவும் இருக்கிறது. அதுதான் தொல்லை. கிறுக்குத்தனம் என்று ஒதுக்கவும் முடிவதில்லை.

தான் கும்பிடும் மாயத்தைத் தானே உரித்துக் காட்டுவதில் இவருக்கு ஓர் அலாதி இன்பம். அந்த மலைச்சிகரம்? பட்டறை மேசையில் வைத்த கல். அந்த ஏரி? ஒரு கண்ணாடித் துண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் பாரிஷ் வீட்டோடு இருந்தது கடைசல் எந்திரமெல்லாம் கொண்ட பட்டறை. 1922இல் வந்து அமெரிக்க வீடுகளின் சுவரையெல்லாம் பிடித்துக்கொண்ட 'விடியல்' ஓவியத்தில் குனிந்து நிற்கும் தேவகன்னி, பாரிஷின் சொந்த மகள் ஜீன். இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தப் படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சும் விடுவார். பெருமூச்சு நிஜம்.

பாரிஷ் மின்விளக்குக் கம்பெனிக்காக வரைந்த எடிசன் மாஸ்டா நாட்காட்டிகளில் 1925ஆம் வருஷத்தது இவரிடம் இருக்கிறது. 2026க்கு அதே கிழமைகள் அப்படியே பொருந்தும் என்று நெடுநாள் முன்பே கணக்குப் போட்டு வைத்தவர். ஆனால் கொடுத்த விலைக்கு அதைச் சுவரில் மாட்ட மனம் வருமா? அது அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. சுவரில் தொங்குவது கறிக்கடையில் இனாமாகக் கொடுத்தது.

இவருடைய இரண்டு காதலும் கைகுலுக்கிய இடங்களும் உண்டு. 1991இல் வந்த 'கரீபியன் ப்ளூ' பாட்டின் வீடியோ முழுக்கப் பாரிஷ் ஓவியங்களின் உலகம். 1995இல் வந்த 'தி மெமரி ஆஃப் ட்ரீஸ்' ஆல்பத்தின் அட்டை, பாரிஷின் 'கறுப்புத் தீவுகளின் இளம் அரசன்' ஓவியத்தைத் தழுவியது. அரபுக் கதையில் அந்த அரசன் இடுப்புக்குக் கீழே கல்லாகிப்போனவன். எந்த ஊர்க் கச்சேரிக்கும் நகராத பாடகிக்கு இதைவிடப் பொருத்தமான அட்டை கிடையாது என்று நான் சொல்லலாம். இவரிடம் சொன்னால் நட்பு முறியும்.

நண்பர் வட்டத்தில் இருவகைப் பகை உண்டு. லொரீனா மெக்கெனிட்டை "நம்ம ஐரிஷ் பாடகி" என்பவர் ஒருவகை. அவர் கனடாவில் மானிட்டோபாக்காரர் என்று நம்மவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துவார். பாட்டுக் கோப்புகள் கணினிக்குக் கணினி தாவிய நாட்களில் மென்மையாக முனகியதையெல்லாம் என்யா கணக்கில் எழுதினார்களே, அந்தக் காயம் ஆறவில்லை. வேல்ஸ்காரர் கார்ல் ஜென்கின்ஸின் 'அடியெமஸ்' பாட்டு அப்படி வந்து சேர்ந்த பிள்ளைதான்.

இரண்டாவது வகை ஷினேட் ஓகானரின் பக்தர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1992இல் போப்பாண்டவர் படத்தைக் கிழித்தவரைக் கும்பிடுகிறவருக்கு ஏரியும் நிலாவும் எப்படிப் பிடிக்கும்? "உங்கள் அம்மா தூங்கவைக்கிறார், எங்கள் அம்மா எழுப்பிவிடுகிறார்" என்று சண்டைக்கு வருவார். அப்போது நம்மவர் கடைசித் துருப்பை இறக்குவார். ஷினேடின் முதல் ஆல்பத்தில், 1987இலேயே, ஒரு பாட்டில் ஐரிஷ் மொழியில் பைபிளின் சங்கீத வசனம் சொல்வது என்யாவின் குரல். எதிராளி வாயடைத்துப்போவார். இருவரும் சேர்ந்து அந்தத் தட்டைக் கேட்பார்கள்.

பாட்டு முடிந்ததும் அடுத்த வழக்கு: இது என்யா அலமாரியில் போக வேண்டுமா, ஷினேட் அலமாரியிலா? மூடி ப்ளூஸின் 1983 ஆல்பத்துக்கும் இதே சிக்கல் வந்தது. 'விடியல்' ஓவியத்தைத் தழுவிய அட்டைக்காக வாங்கி, ஒரு தடவைகூடக் கேட்காமல் பாரிஷ் புத்தகங்களோடு செருகிவைத்தார். ஷினேட் விஷயத்தில் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. மறுநாளே கடைக்குப் போய் இன்னொரு பிரதி வாங்கி வந்துவிட்டார்.