பிளக்கு காய்க்காத காட்டுக்கு எட்டாயிரம் வெள்ளி கேமராவா?

தம்பி, கடைத்தெரு பூராவும் உன் பேச்சுதான். குனோங் தஹான் ஏறப் போறியாம், அதுக்கு எட்டாயிரம் வெள்ளியில கேமரா பாக்குறியாம். நல்ல காரியம்லா. 2187 மீட்டர், தீபகற்ப மலேசியாவுலயே ஒசந்த மலை. கோலா தஹான்ல இருந்து நடந்து போயித் திரும்ப ஒரு வாரம் ஆவும். அந்த ஒரு வாரமும் பிளக்குக்கு எங்க போவ? மரத்துலயா காய்க்கும்?

குருவிக் கண்ண அதுவே தேடிப் புடிக்குமாமே அந்தக் கேமரா! புடிக்கட்டும். அது என்ன திங்கும்னு கேட்டியா? ஆனை வாங்கப் போறவன் மொதல்ல கரும்புக் கொல்லைய இல்ல பாக்கணும்?

மிரர்லெஸ்ஸுன்னு சொல்றீங்களே, அதுல நீ கண்ணு வச்சுப் பாக்குறதே ஒரு குட்டி டிவி. இருவாச்சி வருமான்னு நீ காத்துக் கெடக்குற நேரமெல்லாம் அது பேட்டரிய உறிஞ்சிக்கிட்டே இருக்கும். 2013ல வந்த சோனி ஏ7க்கு ஒரு சார்ஜுல 340 படம்னு கணக்கு. கண்ணாடி வச்ச நிக்கான் டி7500க்கு 950. ஏன்? கண்ணாடியில பட்டு வர்ற வெளிச்சத்துக்கு கரண்டு பில்லு கெடையாது. புதுசுல பேட்டரி பெருத்திருச்சு, ஒத்துக்கறேன். பசி கொறையலையே!

சோலார் தகட்ட முதுகுல கட்டிக்கிட்டுப் போறியாமே? அட பயலே! அந்த மழைக்காட்டுல இலையெல்லாம் தாண்டித் தரைக்கு வர்ற வெயிலு நூத்துல ரெண்டு மூணு பங்குதான். அதுல போட்ட சட்டையே காயாது. உன் பேட்டரியா நெறையும்?

பிலிம் கேமராதான் வீரம்னு உன் கூட்டாளி சொன்னானா? அவன் சொல்றதுலயும் பாதி மெய்தான். 1982ல வந்த நிக்கான் எஃப்எம்2 பேட்டரி செத்தாலும் சுடும். பொத்தான் பேட்டரி வெளிச்சம் அளக்க மட்டும், ஷட்டர் ஸ்பிரிங்குல ஓடுது. ஆனா ரோலுக்கு 36 படம், அதுக்கு மேல கழுவுற கூலி. காட்டு இருட்டுல பாதிப் படம் ஆடிப் போயிருக்கும். பினாங்கு ஆர்மேனியன் தெருவுல சைக்கிள் புள்ளைங்க சித்திரத்துக்கு முன்னால கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்க அது சரி.

உங்க சித்தப்பா அலமாரியில ஒரு கண்ணாடிக் கேமரா சும்மாத்தானே தூங்குது? அத இரவல் கேளு. லென்ஸுல பூஞ்சை இருக்கான்னு வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. மாத்துப் பேட்டரி மூணு வாங்கு, எல்லாம் சேந்து அரைக் கிலோ கூட வராது. போறதுக்கு முன்ன ஒவ்வொன்னையும் ஏத்திப் போட்டுப் பாரு. வைஃபைய அடை. ஒரு படம் எடுத்துட்டு அத ஒம்பது தரம் பாக்குறியே, அந்த வியாதிய விடு. பவர்பேங்கு இருக்குன்னு நெஞ்ச நிமித்தாத, பழைய கேமரா பலதுக்கு யூஎஸ்பி வழியா ஏறாது. தஹான் ஆத்தப் பல தடவ தாண்டணும், அதனால பேட்டரிய ஜிப் பையில சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட போட்டு வையி.

மிச்சக் காசுல அடிடாஸ் கம்போங் ரப்பர் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கிக்க. அங்க வழி காட்டுறவங்க அதத்தான் போடுறாங்க.

இன்னொன்னு. அந்த மலை இருக்குற தாமான் நெகாராவுல கேமராவுக்குத் தனியா லைசென்ஸ் எடுக்கணும். ரொம்ப காலமா அது அஞ்சு வெள்ளிதான். உன் எட்டாயிரத்துக்கும் அஞ்சு, சித்தப்பாவோட இரவல் கேமராவுக்கும் அதே அஞ்சு.