மேத்யூ ஆர்னால்டு சொன்னபடி

மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ பற்றி எந்தத் தயாரிப்பும் இல்லாமல் என்னால் அரை மணி நேரம் பேச முடியும். 1667-இல் முதலில் வந்தபோது அது 10 பாகம். 1674-இல் வந்த பதிப்பில் 12 ஆனது. பார்வை போன பிறகு மில்டன் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். முதல் பாகத்தில் சாத்தான் நெருப்பு ஏரியில் கிடக்கிறான், பக்கத்தில் பீல்ஸிபப். இருவரும் கரையேறுகிறார்கள், சேனை திரள்கிறது, கடைசியில் பாண்டிமோனியம் என்ற மாளிகை எழும்புகிறது. காவியத்தின் நாயகன் சாத்தானா இல்லையா என்ற கேள்விக்கு இரண்டு தரப்பிலும் என்னால் வாதாட முடியும். பிளேக் எந்தக் கட்சி, ஷெல்லி எந்தக் கட்சி என்பதும் தெரியும்.

எங்களுக்குப் பாடமாக இருந்தது முதல் பாகம் மட்டும். எண்ணூறு வரிக்குக் கொஞ்சம் குறைவு. அதில் நான் வாசித்தது ஒரு பக்கம். முதல் வாக்கியம் முடிவதற்கே 16 வரி ஆகிறது என்று கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தத் தாளில் எனக்கு டிஸ்டிங்ஷன்.

இப்படித்தான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்தேன். முதல் வகுப்பு. உதவியது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் கிடைத்த கைடு. சாணித்தாளில் அச்சடித்து, அட்டையில் மட்டும் ஷேக்ஸ்பியரின் வழுக்கைத் தலையைப் பளபளவென்று போட்டிருப்பார்கள். மூன்று நட்சத்திரம் போட்ட கேள்வி கட்டாயம் வரும், இரண்டு என்றால் வந்தாலும் வரும், ஒன்று என்றால் வாத்தியார் பிள்ளைகள் படிப்பது. ‘ஒத்தெல்லோ’வுக்கு மட்டும் கைடும் தேவைப்படவில்லை. ‘இரத்தத் திலகம்’ படத்தில் (1963) சிவாஜியும் சாவித்திரியும் அந்த நாடகத்தில் ஒரு காட்சி நடிப்பதை டிவியில் பார்த்திருந்தேன். இன்றைக்கும் டெஸ்டிமோனா என்றால் எனக்குச் சாவித்திரி முகம்தான்.

கைடில் ஒரு குறை உண்டு. விமர்சகர்களின் மேற்கோள் போதுமான அளவுக்கு இருக்காது. நீல ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடிட்ட மேற்கோள் பக்கத்துக்கு இரண்டாவது இருந்தால்தான் மதிப்பெண் விழும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். ஆகவே நானே தயாரிக்க ஆரம்பித்தேன். ‘மேத்யூ ஆர்னால்டு சொன்னபடி’ என்று தொடங்கி, மில்டனின் குரல் மலையிலிருந்து உருண்டுவரும் இடி என்கிற மாதிரி எதையாவது எழுதி, இரண்டு பக்கமும் கொக்கி போட்டு, அடியில் நீலக் கோடு. ஆர்னால்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அவர் எல்லோரைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருப்பார் என்று ஒரு நம்பிக்கை. அவர் 35 ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் எழுதியதைச் சோதிப்பதிலேயே ஆயுளைக் கழித்த மனிதரின் பெயரில் போலிச் சரக்கு விற்றிருக்கிறேன். விடைத்தாளைத் திருத்தியவர்கள் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் டிக் போட்டார்கள். ஒன்றுக்கு இரட்டை டிக்.

ஊரில் இந்த விவரமெல்லாம் யாருக்கும் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை நான் இங்கிலீஷ் படிக்கிற பையன். மின்வாரிய விண்ணப்பம், மாத்திரை அட்டை, துபாய் போகிறவரின் விசா காகிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். சித்தப்பா ஒரு நாள் வங்கியிலிருந்து வந்த கடிதத்தைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கம், பொடி எழுத்து. ஒரு வாக்கியம் ஐந்து வரிக்கு ஓடியது. மில்டனே எழுதியிருப்பாரோ என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டு, வகுப்பில் கற்ற வித்தையைக் காட்டினேன்.

“கொஞ்சம் கோவமா எழுதியிருக்காங்க சித்தப்பா. ஆனா மரியாதையா எழுதியிருக்காங்க.”

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அண்ணாச்சி, ஒரு கையால் மெஷின் மூடியைத் திறந்தபடியே கடிதத்தில் கண்ணை ஓட்டிவிட்டு, “பதினஞ்சு நாளைக்குள்ள வட்டியக் கட்டி மாத்தி வைக்கலேன்னா நகைய ஏலத்துல விட்டுருவாங்களாம்” என்றார். சித்தப்பா திரும்பிவந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஏல, மூணு வருசமா அங்க என்னத்தத்தாம்ல படிச்ச?”

என்னத்தையோ படித்திருந்தேன். இங்கிலாந்தின் சமூக வரலாறு என்று ஒரு தாள். லண்டன் நாடகக் கொட்டகைகளை 1642-இல் மூடினார்கள், 1660-இல் மன்னர் திரும்பி வந்ததும் திறந்தார்கள். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ் எந்த வருஷம் மூடப்பட்டது என்று கேட்டால் அப்பாவிடம்தான் விசாரிக்க வேண்டும். 1348-இல் கொள்ளைநோய் வந்து கூலியாட்களுக்குத் தட்டுப்பாடு ஆனது, கூலி ஏறியது என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுவேன். லண்டன் காபி ஹவுஸ்களில் அடிசனும் ஸ்டீலும் உட்கார்ந்து பேசியதையும் எழுதுவேன். மனதுக்குள் அவர்கள் இருவரும் பித்தளை டவராவில் ஆற்றித்தான் குடித்தார்கள். டாஃபடில் பூவைப் பார்க்காமல் வேர்ட்ஸ்வொர்த் படித்த கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். ஆனால் சாஸர் தன் யாத்ரீகர்களைக் கிளப்பிவிடும் ஏப்ரல் மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஏப்ரலில் இதமான மழை பெய்கிறது, வேர் நனைகிறது, பறவை பாடுகிறது. எங்களுக்கு செமஸ்டர் தேர்வும் ஏப்ரலில்தான். மின்விசிறி நின்றுபோன ஹாலில், முழங்கை வியர்வை தாளை நனைக்க, அந்த ஏப்ரலின் குளுமையை நான் நயம் பாராட்டியிருக்கிறேன்.

ஒலியியல் தாள் தனிக்கதை. ஆங்கிலத்துக்கு 44 ஒலி: உயிர் 20, மெய் 24. டேனியல் ஜோன்ஸ் 1917-இல் கொண்டுவந்த உச்சரிப்பு அகராதியில் உள்ளபடி, இங்கிலாந்திலேயே சிறுபான்மையினர் மட்டும் பேசும் அந்த மேட்டுக்குடி உச்சரிப்பை நாங்கள் குறியீட்டில் எழுத வேண்டும். தலைகீழ் இ, நீட்டிய எஸ், எல்லாம் கோலம் மாதிரி அழகாகப் போடுவேன். வாயைத் திறந்தால் ‘இஸ்கூல்’. அதாவது என்னால் உச்சரிக்க முடியாத சொல்லை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று பிழையில்லாமல் எழுதித் தர முடியும். 1923-இல் நோபல் பரிசு பெற்ற யேட்ஸைப் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். கீட்ஸைப் பார்த்த பழக்கத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ‘யீட்ஸ்’ என்றே சொன்னேன். முடிந்ததும் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, யேட்ஸிடமிருந்து இந்தக் கவிஞர் எந்த விதத்தில் வேறுபடுகிறார் என்று கேட்டார். ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இதையெல்லாம்கூட மறந்துவிடலாம், ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தை மறக்க முடியாது. இலக்கிய மன்றத் தொடக்க விழாவுக்கு நீதிமன்றக் காட்சியை ஆங்கிலத்திலேயே போடுவதாக ஏற்பாடு. உயரமாக இருந்ததால் நான் வெனிஸ் நகரத்துக் கோமகன். உட்கார்ந்த இடத்திலேயே நடிக்கலாம், பெரிய ஆபத்தில்லை என்றார்கள். வெங்காயக் கடையில் தராசு இரவல் வாங்கினோம். வக்கீல் வீட்டுப் பையன் அப்பாவின் கருப்பு அங்கியைக் கொண்டுவந்தான். அது போர்ஷியாவுக்கு. எங்கள் வகுப்பிலேயே நன்றாக ஆங்கிலம் பேசுகிற பெண்தான் போர்ஷியா. கருணையைப் பற்றிய அந்தப் பேச்சை ஒரு மாதமாக மாடியில் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

திரை விலகியது. ஷைலாக்கைப் பார்த்து, அந்தோனியோமீது இரக்கம் காட்டும்படி நான் சொல்ல வேண்டிய நீளமான பேச்சு பாதி வரை ஒழுங்காகப் போனது. பிறகு தலைக்குள் விளக்கு அணைந்துவிட்டது. முன்வரிசையில் முதல்வர். பக்கவாட்டில் ஒருவன் பிரதியை வைத்துக்கொண்டு வாயசைக்கிறான், ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த நீதிமன்றம் சினிமா நீதிமன்றம்தான். மேசையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, தமிழில், “இந்த வழக்கு வேறொரு தேதிக்கு ஒத்திவைக்கப்படுகிறது” என்றேன்.

திரை இழுக்கிறவன் அதை நம்பிவிட்டான். போர்ஷியா மேடைக்கே வரவில்லை. கத்தியும் கையுமாக ஷைலாக் திரைக்கு வெளியே மாட்டிக்கொண்டு நின்றான். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. அந்தப் பெண் கடைசி செமஸ்டர் வரை என்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் ஆங்கிலத்தில் திட்டியிருப்பாள், எனக்குப் புரிந்திருக்காது.

பல வருஷம் கழித்து, அந்த அவமானத்தின் ஊறல் தாங்காமல், நாடகத்தை எடுத்து முழுசாக வாசித்தேன். நாலாம் அங்கத்தில், சட்ட வல்லுநர் பெல்லாரியோ இன்று வந்து சேராவிட்டால் இந்த மன்றத்தைக் கலைத்துவிடும் அதிகாரம் எனக்கு உண்டு என்று கோமகனே சொல்கிறார். போர்ஷியா வருவதற்குச் சற்று முன்னால், ஏறக்குறைய நான் ஒத்திவைத்த அதே இடத்தில். அன்று இதைத் தெரிந்துவைத்திருந்தால் ஷேக்ஸ்பியரைக் காட்டியே வாதாடியிருப்பேன். மொழிதான் குற்றம் என்றால், பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை ‘வாணீபுர வணிகன்’ என்று எப்போதோ தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டாரே என்றும் சொல்லியிருக்கலாம். தேவைப்பட்டபோது ஒன்றும் தெரியவில்லை. ஷேக்ஸ்பியரில் நான் கடைசி வரி வரை வாசித்த நாடகம் இன்னமும் அது ஒன்றுதான்.

எம்.ஏ.வில் பின்காலனியம் வந்தது. 1835-இல் மெக்காலே எழுதிய குறிப்பு, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம், ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பட்டப் படிப்பாக்குவதற்கு வெகு முன்பே அது இங்கே நமக்குப் பாடமாகிவிட்ட கதை. கேம்பிரிட்ஜ் அதற்கு 1917 வரை காத்திருந்தது. இதை கௌரி விஸ்வநாதன் 1989-இல் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு ஆவேசமாக இருந்தது. ஆக, நான் படிக்காமல் விட்டதெல்லாம் ஒரு சாம்ராஜ்யத்தின் சூழ்ச்சியையா! சோம்பேறித்தனத்துக்கு எதிர்ப்பு அரசியல் என்று பெயர் மாற்றிக்கொண்டு சில மாதங்கள் தாடி வளர்த்தேன். தேர்வில் அந்தத் தாளுக்கு ஆவேசமாகவே விடை எழுதினேன். அந்த ஆவேசத்தையும் கைடில் இருந்துதான் எடுத்தேன்.

இப்போது நான் ஆங்கில ஆசிரியர். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகிறேன். இந்த முறை வந்த கட்டில் ஒரு தாள், கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. டி.எஸ். எலியட்டின் ‘வேஸ்ட் லேண்ட்’ பற்றி மேத்யூ ஆர்னால்டு சொன்னபடி என்று ஒரு மேற்கோள், அடியில் நீலக் கோடு. உடனே பிடித்துவிட்டேன். வருஷங்கள் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஆர்னால்டு இறந்தது 1888 ஏப்ரலில். எலியட் பிறந்ததே அந்த வருஷம் செப்டம்பரில். ‘வேஸ்ட் லேண்ட்’ வந்தது 1922-இல். சிவப்பு மையில் பெரிய சுழி போட்டேன். பக்கத்து மேசைக்காரரிடம் காட்டிச் சிரித்தேன்.

பக்கத்தைத் திருப்பினால் அதே மாணவர், கீட்ஸைப் பற்றி ஆர்னால்டு சொன்னபடி என்று இன்னொரு மேற்கோள். கீட்ஸ் இறந்தது 1821, ஆர்னால்டு பிறந்தது 1822. காலக்கணக்கு சரியாக இருக்கிறது. கீட்ஸைப் பற்றி ஆர்னால்டு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். மேற்கோளும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அது உண்மைதானா என்று பார்க்க வேண்டுமானால் ஆர்னால்டைப் படிக்க வேண்டும்.

டிக் போட்டேன்.