காலும் வாயும்

கேள்வி: நல்ல ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளராகவும் ஆவாரா? (பெங்களூர் வாசகர்)

பதில்: ஆகலாம், ஆனால் காலுக்குத் தெரிந்ததை வாயால் சொல்லத் தெரிய வேண்டும். இங்கிலாந்துக் கால்பந்தில் பெரும்பாலும் கீழ்நிலைப் பிரிவுகளில் தற்காப்பு வீரராக ஆடிய ஆஷ்லி வெஸ்ட்வுட், 2013இல் தொடங்கப்பட்ட பெங்களூரு எஃப்சிக்குப் பயிற்சியாளராக வந்து, முதல் பருவத்திலேயே இந்தியக் கால்பந்து லீகான ஐ-லீகின் பட்டத்தையும், 2016இல் மீண்டும் அதே பட்டத்தையும் வென்று கொடுத்தார் என்பதால், ஆட்டக்காரராகப் பெற்ற புகழ் இப்பணிக்கு முன்நிபந்தனை அன்று.

மாறாக, 1971இல் பெங்களூரில் பிறந்த கார்ல்டன் சாப்மனுக்குப் புகழும் இருந்தது. தற்காப்பையும் தாக்குதலையும் இணைக்கும் நடுக்கள வீரரான அவர், ஜம்ஷெட்பூரின் டாடா கால்பந்து அகாடமியில் பயின்று, 1993இல் ஈராக்கின் அல் சவ்ரா அணியைத் தாம் ஆடிய ஈஸ்ட் பெங்கால் அணி 6-2 என வீழ்த்திய ஆட்டத்தில் ஹாட்ரிக், அதாவது ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள், அடித்ததோடு, 1996-97இல் முதல் தேசிய கால்பந்து லீகை வென்ற ஜேசிடி அணியிலும் ஆடி, இந்திய அணிக்குத் தலைமையும் தாங்கினார். ஓய்வுக்குப் பின் தாம் பயின்ற அகாடமிக்கே பயிற்சியாளராகத் திரும்பி, பிறகு ஷில்லாங்கின் ராயல் வாஹிங்டோ அணியையும் வழிநடத்தினார். ஆட்டத்தின் அடிப்படையையே கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர்களை உருவாக்கும் அகாடமி வேலை, தேர்ந்த வீரர்களை ஆட வைப்பதைவிடக் கடினமானது. ஆயினும் அதற்குக் கோப்பை எதுவும் கிடையாது. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அணி எதுவும் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தாத நிலையிலேயே, 2020 அக்டோபரில், 49 வயதில் அவர் பெங்களூரில் காலமானது இந்தியக் கால்பந்துக்குப் பேரிழப்பு.