கருத்தும் காத தூரமும்: கம்பம் பள்ளத்தாக்கு டீக்கடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

அரசியல், போர், சினிமா என்னும் முப்பொருள் குறித்துத் தேனி மாவட்டத்து டீக்கடைகளில் விடியற்காலை தொடங்கி வழங்கப்படும் தீர்ப்புகளை ஆய்வுலகம் இதுவரை முறைப்படி ஆராய்ந்ததில்லை. அக்குறையைப் போக்க முனையும் இக்கட்டுரை நிறுவ விரும்புவது ஒரே விதியை: ஒரு பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அவ்வளவு உறுதியாக இருக்கும் அதைப் பற்றிய கருத்து. பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும் என்பது உலக வழக்கு. அது அறிவுக்குப் பொருந்தலாம். கருத்து வேறு சரக்கு.

முதற்சான்று போடிநாயக்கனூர். 2022 பிப்ரவரி 24-இல் தொடங்கிய உக்ரைன் போர் எப்போது முடியும் என்று ஏலக்காய் வியாபாரியைக் கேட்டால், "அமெரிக்காக்காரன் நெனச்சா ரெண்டே மாசம்ணே" என்று பதில் வரும். அடுத்த ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போகும் என்று அதே வாயைக் கேட்டால், "பாப்போம்ணே" என்பதற்கு மேல் ஒரு சொல் பெயராது. வளைகுடாப் பதற்றம் இன்னும் நுட்பமானது. அரபு நாட்டுக் காப்பியில் ஏலக்காய் மணக்கிறது. அச்சந்தைக்குக் குவாத்தமாலாவும் போட்டி. ஆகவே அங்கே குண்டு விழுந்தால் இங்கே தீர்ப்பு பிறப்பதில்லை. கப்பல் போகுமா, பணம் வருமா என்று கேள்விகளே பிறக்கின்றன. போர் மடியைத் தொட்ட கணத்தில் முற்றுப்புள்ளி கேள்விக்குறியாகிறது. இரண்டாம் சான்று ஆண்டிபட்டி. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார், தொகுதிப் பக்கமே வரவில்லை, வென்றார். தெருவுக்குத் தெரு வந்து கும்பிட்ட வேட்பாளர்களுக்கு வாய்க்காத உறுதி, கடல் கடந்து படுத்திருந்தவருக்கு வாய்த்தது.

இவ்விதிக்கு மறுப்புகள் உண்டு. முல்லைப் பெரியாறு கண்ணெதிரே இருக்கும் பிரச்சினை. அதில் கம்பத்துக்காரருக்கு உறுதி இல்லையா என்பர். உண்டு, ஆனால் அது உரிமையில் உள்ள உறுதி. பேச்சோ அடிக்கணக்கில் நடக்கிறது. 152 அடி தேக்கிய அணை 1979-இல் 136-க்கு இறங்கியதும், 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றம் 142 என்றதும் உழவர்களுக்கு மனப்பாடம். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்த நீரை நம்பியிருப்பதால், ஜூன் நெருங்கும்போது மட்டம் எத்தனை, வரத்து எத்தனை கனஅடி என்றுதான் விசாரிப்பார்கள். கணக்கு நுழைந்த இடத்தில் கருத்து கொஞ்சம் ஒதுங்கியே உட்காரும். இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர், அவரைப் பற்றி மட்டும் ஏன் இத்தனை முழக்கம் என்பது அடுத்த மறுப்பு. ஊர்தான் பக்கம், 2025 மார்ச் 8-இல் அவருடைய சிம்பொனி அரங்கேறியது இலண்டனில். அது உலகத்தரம் என்று சத்தியம் செய்வோருக்கும், ரகுமான் தரப்பில் நின்று மறுப்போருக்கும் சிம்பொனி சமதூரத்தில் இருப்பதால் இருவர் குரலும் சமமாக உயர்கிறது. விதி வலுப்படுகிறது.

கடைசி மறுப்பு கனமானது: பெரியகுளத்தில் டீக்கடை நடத்திய ஓ. பன்னீர்செல்வம் மூன்று முறை முதலமைச்சரானார். டீக்கடை அரசியலை எள்ளலாமா? எள்ளவில்லை; ஆனால் டீக்கடையில் இரு பக்கங்கள் உண்டு. கருத்து விளைவது பெஞ்சுப் பக்கம். பாய்லர்ப் பக்கம் நிற்பவருக்கோ பால் விலையும் கடன் நோட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முதலமைச்சர் வந்தது பாய்லர்ப் பக்கத்திலிருந்து. பெஞ்சிலிருந்து எவரும் வந்ததாகச் சான்றில்லை.

எனவே இவ்வாய்வின் பரிந்துரை: உக்ரைன் போருக்குத் தீர்வு தேடுவோர் கம்பத்துக்கு வரலாம், இங்கே கைவசம் பல இருக்கின்றன. அதே நியாயப்படி, முல்லைப் பெரியாற்றுக்குத் தீர்வு வேண்டுவோர் உச்ச நீதிமன்றத்தில் காலம் கழிக்காமல் கீவ் நகரத்து டீக்கடை ஒன்றில் விசாரிக்கலாம். அங்கே ஒரே வாக்கியத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.