சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

(இந்த வாரம் எல்லாமே ஏற்காடு மலைக் கேள்விகள், எல்லாமே வேலை பற்றியவை.)

கே: எஸ்.ஆர்.இ. வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. அது என்ன வேலை என்று அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?
- இன்ஜினீயரிங் மாணவி, வாழவந்தி

ப: "போனில் பணம் அனுப்பும்போது பாதியில் நிற்காமல் பார்த்துக்கொள்கிற வேலை" என்று சொல்லுங்கள், போதும். முழுப் பெயர் சைட் ரிலையபிலிட்டி இன்ஜினீயர். 2003-ல் கூகுளில் பென் ட்ரெய்னர் ஸ்லாஸ் முதல் குழுவைத் தொடங்கினார். இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றிலும் இந்த வேலை உண்டு.

கே: சர்வர் 99.9 சதவீத நேரம் ஓடினால் போதாதா?
- அதே மாணவி

ப: கணக்குப் போடுங்கள். 99.9 என்றால் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் முடக்கம். 99.99 என்றால் சுமார் 53 நிமிடம். 99.999 என்றால் ஐந்து நிமிடம் சொச்சம். ஒவ்வொரு ஒன்பதுக்கும் செலவு ஏறும். "எதற்கு எத்தனை ஒன்பது தேவை?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டால், இன்டர்வியூ எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கே: கேட்கப்படும் கேள்விக்கு ஓர் உதாரணம் தர முடியுமா?
- டிப்ளமோ முடித்தவர், நாகலூர்

ப: பலரும் தடுக்கி விழுகிற கேள்வி இது. லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது. பெரிய லாக் ஃபைலை அழித்தாயிற்று. ஃபைல்களைக் கூட்டிப் பார்க்கும் 'டியு' கட்டளை இடம் இருக்கிறது என்கிறது. டிஸ்க்கையே கேட்கும் 'டிஎஃப்' கட்டளை இல்லை என்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டும் சரி! அழித்தது பெயரை மட்டும்தான். ஏதோ ஒரு புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அது மூடும்வரை இடம் திரும்பாது. 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையால் அந்தப் புரோகிராமைப் பிடித்து, ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. ஆனால் மதிப்பெண் இந்த விடைக்கு அல்ல. எதை முதலில் பார்த்தீர்கள், ஏன் பார்த்தீர்கள் என்பதற்கு.

கே: விடையே தெரியாவிட்டால்?
- அதே வாசகர்

ப: "தெரியாது" என்று சொல்லலாம், அங்கேயே நிறுத்தக் கூடாது. "இதைப் பார்த்ததில்லை. நெட்வொர்க்கா, டிஸ்க்கா, மெமரியா என்று முதலில் பிரித்துப் பார்ப்பேன்" என்று தொடருங்கள். நள்ளிரவில் சர்வர் படுக்கும்போது விடை யாருக்கும் தெரியாது. தேடத் தெரிந்தவரைத்தான் வேலைக்கு எடுப்பார்கள்.

கே: ஆன்லைன் இன்டர்வியூவில் ஏஐ-யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்?
- பெயர் வேண்டாம், மஞ்சக்குட்டை

ப: வேண்டாம். கூகுளில் ஒரு சுற்றாவது நேரில் நடக்கும் என்று 2025-ல் அதன் தலைவர் சுந்தர் பிச்சையே சொல்லிவிட்டார். "ஏன்?" என்று மூன்று முறை அடுத்தடுத்துக் கேட்டால் இரவல் விடை நிற்காது.

கே: மழை வந்தால் கரண்டும் போகும், சிக்னலும் போகும். என்ன செய்வது?
- செம்மநத்தம் வாசகர்

ப: முதல் நாளே சேலத்துக்கு இறங்கிவிடுங்கள். முடியாவிட்டால், இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் கூப்பிடுவது என்று முன்கூட்டியே மெயில் போடுங்கள். கோளாறு வரும் முன்பே மாற்று வழி வைப்பதுதானே நீங்கள் கேட்டுப் போகிற வேலை!

கே: ராத்திரியிலும் கூப்பிடுவார்களாமே? பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா?
- ஒரு தாய், வாழவந்தி

ப: முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். ஒரே ஊரில் உள்ள குழுவில் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும், ஒரு ஷிஃப்டில் இரண்டு கோளாறுக்கு மேல் கூடாது என்பது கூகுளின் புத்தகம் சொல்லும் அளவு. "உங்கள் குழுவில் எத்தனை பேர்?" என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். இன்டர்வியூவில் கேள்வி கேட்கும் உரிமை இரு பக்கத்துக்கும் உண்டு.

கே: மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கிடைக்குமா?
- ஆசிரியர், வெள்ளக்கடை

ப: கிடைக்கும். இதே சேலம் மாவட்டத்துக் கருமந்துறையிலிருந்து ஒரு பழங்குடி மாணவி 2025-ல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் வென்றார். பட்டம் இல்லாதவர்களுக்குப் பயிற்சி தந்து வேலைக்கு எடுப்பதை ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2005-லேயே தொடங்கிவிட்டது. பிள்ளைகளிடம் திறமைக்குக் குறைவில்லை. பயிற்சிக்கு ஒரு மெஷின்தான் இல்லை. பள்ளியில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுங்கள், சார். கூகுளின் எஸ்.ஆர்.இ. புத்தகத்தை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பிள்ளைகளே அந்தக் கம்ப்யூட்டரைக் கெடுக்கட்டும், அவர்களே சரிசெய்யட்டும். கெடுத்ததற்காகத் திட்டாதீர்கள்.