குடும்பத்தோடு பார்க்கலாமா?

கே: 'ஜோஜி' பார்த்தேன். பேய் இல்லை, பாட்டு இல்லை. ராத்திரி எனக்குத் தூக்கமும் இல்லை! இதைக் குடும்பத்தோடு பார்க்கலாமா சார்?

ப: தாராளமாக! சொத்து இன்னும் அப்பா பேரிலேயே இருந்தால் மட்டும், மாத்திரை டப்பாவை அவரே பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

'மேக்பெத்' நாடகம் தந்த தூண்டுதலில் 2021-ல் திலீஷ் போத்தன் எடுத்த மலையாளப் படம். ராஜ்யத்துக்குப் பதில் ரப்பர் தோட்டம். லேடி மேக்பெத்துக்குப் பதில் சமையற்கட்டில் வெந்துகொண்டிருக்கும் அண்ணி. மாமனார் செத்த வீட்டில், கொழுந்தனை மாஸ்க் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறாரே, கொரோனாவுக்குப் பயந்தா? அழாத முகத்தை ஊர் பார்த்துவிடக் கூடாதே! கொல்கிற கொழுந்தனாக வரும் ஃபகத் ஃபாசிலைவிட, தெரிந்தும் வாய் திறக்காத அண்ணியாக வரும் உண்ணிமாயா பிரசாத்திடம்தான் எனக்குப் பயம் அதிகம்.