பூரணத் தாங்கியும் சூனியத் தாங்கியும்

மோட்டார் சைக்கிளைக் குளிர்காலத்துக்கு மூடிக்கட்டி வைப்பதற்குரிய முறை இன்னது என்பதை ஐயந்திரிபறச் சொல்லி முடித்துவிடுவதென்ற சங்கற்பத்தோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். சொல்லவேண்டியது மூன்றே வரிதான். ஆனால் அந்த மூன்று வரிகளுக்கு முன்னால், சென்ற சனிக்கிழமை என் கராஜில் நிகழ்ந்த சம்பாஷணையை வாசகர் சற்றே பொறுமையுடன் கேட்டுக்கொள்ளவேண்டும். அதன் எரிச்சல் இன்னும் என் நெஞ்சைவிட்டு நீங்கினபாடில்லை.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், ஒக்ரோபர் மாதக் கடைசியில், சிமெந்துத் தரையின் குளிர் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே விசாரித்துக்கொண்டு மேலேறும் வேளையில், நான் மல்லாந்து கிடந்து ஒயில் ஆணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கோடை முழுவதும் ஓடிக் களைத்த ஒயிலில் அமிலமும் நீரும் கலந்திருக்கும். அதை ஆறு மாதம் எஞ்சினுக்குள் உறங்கவிட்டால் அது உள்ளேயிருக்கும் உலோகத்தை அரித்துக்கொண்டே உறங்கும். ஆகையால் வாகனத்தைக் கொஞ்சத் தூரம் ஓட்டி, ஒயிலைச் சூடாக்கி, கசடெல்லாம் கலங்கியிருக்கும்போதே வடித்துவிட்டுப் புதியதை வார்ப்பது என் வழக்கம். கறுத்த ஒயில் தட்டத்தில் விழத் தொடங்கிய அந்தச் சுபமுகூர்த்தத்தில் என் கண்மட்டத்தில் இரண்டு சப்பாத்துகள் வந்து நின்றன. அடுத்த வீட்டு அண்ணையின் சப்பாத்துகள்.

"என்ன தம்பி, கட்டிவைக்கப் போறீரோ?"

"ஓம் அண்ணை."

"தாங்கியிலை கிடந்த பெற்றோலை வடிச்சாச்சோ?"

"இல்லை அண்ணை. முட்ட நிரப்பி, மருந்தும் விட்டிருக்கிறன்."

சப்பாத்துகள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "படிச்ச பிள்ளை நீர்," என்றன.

இப்படி ஓர் அண்ணை வாசகர் ஒவ்வொருவருக்கும் வாய்த்திருப்பார். ஆகையால் அவரை வருணித்து நேரம் போக்கவேண்டியதில்லை. கனடாவுக்கு வந்து இறங்கிய நாள்முதல் அவர் இரண்டு சில்லு வாகனம் எதிலும் ஏறியவரல்லர்; எனவே இவ்விஷயத்தில் அவருடைய அபிப்பிராயத்தை அநுபவம் எள்ளளவும் களங்கப்படுத்தியதில்லை என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

இந்நாட்டு மோட்டார் சைக்கிள்காரரை, அவர்கள் எந்த நிறத்தவராயினும் எந்த மொழியினராயினும், இரண்டு மதத்தினராகப் பகுத்துவிடலாம்: தாங்கியை நிரப்பி வைக்கும் பூரணவாதிகள், வடித்து வைக்கும் சூனியவாதிகள். பூரணவாதிகளின் பிரமாணம் வருமாறு. இரும்புத் தகட்டினாலான தாங்கியில் வெற்றிடம் இருக்குமாயின் அவ்விடத்தைக் காற்று நிரப்பும்; பகலில் சற்று இளக்கமும் இரவில் கடுங்குளிருமாய் மாறிமாறி வரும் பருவத்தில் அக்காற்று உள்ளும் புறமும் சுவாசிக்கும்; சுவாசத்தோடு வந்த ஈரம் தகட்டின் உட்புறத்தில் வியர்க்கும்; வியர்வை துருவாகும்; துரு சித்திரை மாதத்தில் கார்புரேற்றருக்குள் இறங்கும். பெற்றோல் இருக்கும் இடத்தில் காற்றில்லை, காற்றில்லாத இடத்தில் ஈரமில்லை, ஈரமில்லாத இடத்தில் துருவில்லை. தர்க்கசாஸ்திரம் பயின்ற எந்தப் பண்டிதரும் இதில் குற்றம் காணமுடியாது.

சூனியவாதிகள் காண்கிறார்கள். பெற்றோல் நித்தியப் பொருளன்று, அநித்தியப் பொருள் என்பது அவர்களுடைய சித்தாந்தம். மாதக்கணக்கில் கிடந்தால் அதிலுள்ள இலேசான பகுதிகள் ஆவியாகிப் போய்விடும். எஞ்சியது காற்றோடு கூடிப் பிசினாகும். அந்தப் பிசின் கார்புரேற்றரில் ஒரு தலைமயிர் நுழையுமளவேயான துவாரத்தில் போய்க் குந்திக்கொள்ளும். அதற்கு மேலும், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துச் சாதாரணப் பெற்றோலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எதனோல். எதனோலோ நீரைக் கண்டால் விடாமல் பற்றிக்கொள்ளும் சுபாவமுடையது. தாங்கமுடியாத அளவுக்குப் பற்றிக்கொண்டதும், நீரும் எதனோலுமாகப் பெற்றோலைவிட்டுப் பிரிந்து தாங்கியின் அடியில் போய்த் தங்கிவிடும். எஞ்சின் எரிபொருள் எடுப்பது எங்கிருந்து? அடியிலிருந்து. ஆகையால், வடி, ஒரு சொட்டும் விடாமல் வடி, வடித்தபின் உட்புறத்துக்கு ஒயில் பூசு.

இதைக் கேட்டுப் பூரணவாதி சும்மா இருப்பானா? பெற்றோல் கெடாதிருக்க ஒரு மருந்து உண்டு, அதை விட்டால் ஒரு வருஷம் தாங்கும் என்று அவன் போத்தலைத் தூக்கிக் காட்டுகிறான். அந்த மருந்திலிருந்து உட்பூசல் தொடங்குகிறது. மருந்தை முதலில் விட்டுப் பின்னர் பெற்றோலை நிரப்பினால்தான் கலக்கும் என்பவர் வடகலையார். நிரப்பியபின் விட்டு வாகனத்தை உருட்டிக் குலுக்கினால் போதும் என்பவர் தென்கலையார். இருசாராரும் ஒரே கடையில் ஒரே போத்தலை வாங்குகிறார்கள் என்பது அவர்களைச் சமாதானப்படுத்துவதில்லை. தாங்கியை நிரப்பி, கார்புரேற்றரின் கிண்ணத்தை மாத்திரம் வடித்துவிடும் விசிட்டாத்துவைதிகள் இருக்கிறார்கள். நான் அந்த வகுப்பைச் சேர்ந்தவன், எங்களுடைய வழியே சரியானது. எதனோல் கலவாத உயர்ரகப் பெற்றோலைத் தேடி ஊர்விட்டு ஊர் போய், போன தூரத்தில் பாதியை எரித்துவிட்டுத் திரும்பும் யாத்திரிகர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்ரிக் தாங்கிக்காரருக்குத் துருப் பயமே இல்லையாதலால் அவர்களை நாங்கள் எந்த வாதத்துக்கும் சேர்த்துக்கொள்வதில்லை. கடைசியாக, எரிபொருளை ஊசித்துளையால் பீச்சும் நவீன வாகனங்களை வைத்திருக்கும் நாஸ்திகர்கள். கிண்ணமும் இல்லை, வடிப்பும் இல்லை. வைத்த இடத்தில் வைத்ததை வைத்தபடி விட்டுவிட்டு, ஏப்ரலில் வந்து பொத்தானை அமர்த்துகிறார்கள், முதல் அமர்த்தலிலேயே அது கிளம்பிவிடுகிறது. ஆசார அநுஷ்டானம் ஒன்றுமில்லாத ஒருவனுக்கு மோட்சம் இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பதுதான் இம்மார்க்கத்தில் உள்ள எங்களுக்குப் பெருஞ்சோதனை.

அண்ணையோ இவர்கள் எல்லாரையும் ஒரே வீச்சில் கடந்தவர். நான் எதனோலைப் பற்றி எடுத்துரைத்தபோது, அவர் குனிந்து, அன்றைக்கு முதல்தடவையாகத் தம் முகத்தைக் காட்டி, "தம்பி, நாங்கள் மண்ணெண்ணெயிலை ஓடின ஆக்கள்," என்றார். யாழ்ப்பாணத்தவர் இருவர் எஞ்சினைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்த வாக்கியம் வந்தே தீரும். வந்தபின் யாரும் எதிர்வாதம் செய்வதில்லை. 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குள் பெற்றோல் வரத் தடை. சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்கு ஊட்டி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டு ஊரெல்லாம் ஓடியது. மாமாவின் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து போனவன் நான். சட்டையில் ஏறிய அந்தப் புகைமணம் கிணற்றடியில் எவ்வளவு தப்பினாலும் போகாது. ஆகவே அண்ணையின் கூற்று சத்தியம். ஆயினும் அந்த எம்.டி. 90 ஒருநாளாவது சும்மா நின்றதா? அது நாள்தோறும் ஓடியது. மண்ணெண்ணெயையும் குடித்துவிட்டுப் பிழைத்துக்கொண்டது. ஆறு மாதம் அசையாமல் நிற்பதெப்படி என்று அதை யாரும் கேட்கவில்லை. இந்நாட்டு வாகனத்தைக் கெடுப்பது எரிபொருளன்று, நிற்பதே கெடுக்கிறது என்று நான் தரையில் கிடந்தபடியே விளக்கினேன். அவர் கேட்கவில்லை, பழைய ஒயிலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழமைக்கு ஒருக்காலெண்டாலும் ஸ்ராட் பண்ணி விடும். அது காணும்," என்றார்.

இந்த உபதேசம் இருக்கிறதே, இது அண்ணை ஒருவருடையதன்று. எதிர்வீட்டார் சொல்லுகிறார், அலுவலகத்தில் சொல்லுகிறார்கள், பல்வைத்தியர் என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே சொன்னார். கேட்பதற்கு இதமாயிருப்பதைத் தவிர இதில் நியாயம் ஒன்றுமில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது. இரசாயனம் படித்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓடும் வாகனத்தில் அந்நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். மைனஸ் 15 பாகையில், கராஜுக்குள், பத்து நிமிஷம் உறுமவிட்டு நிறுத்தப்பட்ட வாகனத்திலோ எஞ்சின் முழுச்சூடு அடைவதுமில்லை, புகைக்குழாய் காய்வதுமில்லை. நீர் குழாய்க்குள்ளேயே தேங்கி அதைத் துருவாக்குகிறது, புதிதாக வார்த்த ஒயிலிலும் போய்க் கலக்கிறது. இதை நான் பல்வைத்தியரிடம் சொல்ல முயன்றேன். வாயைக் கொப்புளிக்கச் சொல்லிவிட்டார்.

பற்றரி விஷயத்தை மட்டும் எல்லாரும் ஒத்துக்கொள்ளுகிறார்கள், என் மனைவியைத் தவிர. முழுச் சார்ஜில் உள்ள ஈய அமிலப் பற்றரி மைனஸ் 50 பாகையிலும் உறையாது. இறங்கிப்போன பற்றரியோ மைனஸ் 10ஐ எட்டுமுன்னரே உறைந்து வெடித்துவிடக்கூடும். ஆகவே அதைக் கழற்றி, துடைத்து, வீட்டுக்குள் கொண்டுவந்து, ஒரு சிறு மின்னேற்றியில் இணைத்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று படுக்கப் போகுமுன் பார்த்துக்கொள்ளவேண்டும். "இஞ்சருங்கோ, பிள்ளையளின்ரை காய்ச்சலுக்குக்கூட நீங்கள் இப்பிடி எழும்பிப் பாத்தனீங்களோ?" என்று ஒரு கேள்வி வந்தது. அது கேள்வியன்று என்பதை உணர்ந்து மௌனமாயிருந்தேன்.

நான் முதலில் சொன்ன மூன்று வரிகளுக்கு வருமுன், உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஹியூரன் ஏரிக்கு அடியில், சுமார் 550 மீற்றர் ஆழத்தில், கோடெரிச் என்னும் ஊரின் உப்புச் சுரங்கம் இருக்கிறது. நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியது அது. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அங்கே ஒரு கடல் இருந்து வற்றியதாம். ஆனையிறவில் வெயிலில் விளைந்த உப்பு எங்கள் மீன்குழம்புக்கு வந்தது. இவ்வளவு பிரயாசையோடு பூமிக்கடியில் காத்துக்கிடந்த இவ்வுப்பை ஏற்றிவந்து முதல் பனிக்கே தெருவெல்லாம் கொட்டுகிறார்கள். கொட்டிய மறுநாள் வெயிலைக் கண்டு "இன்றைக்கு ஒரு கடைசி ஓட்டம்" என்று கிளம்புகிறவனுடைய சங்கிலி, கழுவாமல் விட்டால், கொஞ்ச நாளிலேயே செம்மண் நிறமாகிவிடும். கடைசி ஓட்டம் என்பது கடைசியாக ஒருபோதும் இருப்பதில்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எலிகளுக்காகப் புகைக்குழாயில் இரும்புப் பஞ்சு அடைக்கவேண்டும், அடைத்ததை ஏப்ரலில் எடுக்கவேண்டும், அவ்வளவே.

இத்தனையும் செய்து போர்வை போர்த்தபின், காப்புறுதிக் கட்டணம் மட்டும் ஓய்வெடுப்பதில்லை. ஆறு மாதம் போர்வைக்குள் நிற்கும் வாகனத்துக்குப் பன்னிரண்டு மாதக் கட்டணம் எதற்கு என்று தொலைபேசியில் கேட்டால், "கோடைகாலத்து ஆபத்துக்குரிய தொகையைத்தான் ஐயா பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்து வாங்குகிறோம்," என்று ஒரு பெண்குரல் பரம சாந்தத்தோடு சொல்லுகிறது. ஜேர்மனியில் 1997 முதல் இன்ன மாதம் தொடங்கி இன்ன மாதம்வரை என்று எண்தகட்டிலேயே அச்சடித்துக் கொடுத்து, அந்த மாதங்களுக்குமட்டும் வரியும் காப்புறுதியும் அறவிடுகிறார்கள். அதே ஜேர்மனியர்தான் 1956 முதல் யானைச் சந்திப்பு என்று பெயர்வைத்து, நடுக்குளிர்காலத்தில், மோட்டார் சைக்கிளோடு பனிக்குள் போய்க் கூடாரமடித்துப் படுக்கிறார்கள் என்பதனால், அவர்களுடைய புத்தியை முற்றாக மெச்சவும் என் மனம் இடங்கொடுக்கவில்லை. நம்முடைய போர்ட் டோவர்க்காரரும் இலேசானவரல்லர். ஈரி ஏரிக் கரையிலுள்ள அச்சிற்றூரில் 13ஆம் திகதி வெள்ளிக்கிழமைகளிலெல்லாம் மோட்டார் சைக்கிள்காரர் திரளும் வழக்கம் 1981இல் தொடங்கியது, அதுவும் நவம்பர் மாதத்தில். பெப்ரவரியில் அப்படி ஒரு வெள்ளி வந்தாலும், மூக்கு நுனி மரத்துப்போகப் போகிற சிலர் உண்டு. மறுநாள் அவர்கள் அனுப்பும் படங்களை நான் பார்ப்பதில்லை.

நேற்றிரவு வானிலை அறிவித்த பெண், வரும் சனிக்கிழமை 17 பாகை வெப்பம், நல்ல வெயில், காற்றில்லை என்று, தானே அதைத் தயாரித்து அனுப்பியவள்மாதிரிப் புன்னகைத்தாள். கிண்ணம் வடித்தாகிவிட்டது, குழாயில் பஞ்சு, இருக்கையைக் கழற்றினாலன்றிப் பற்றரியைப் பூட்டமுடியாது, அந்தப் பற்றரியோ உடுப்பு அலுமாரிக்குள். நாஸ்திகர் அனைவரும் சனிக்கிழமை என் வீட்டு வாசலால்தான் போவார்கள். கராஜ் கதவை அன்றைக்குத் திறப்பதாக இல்லை.